உயிர்க்குளம் என்பது என்ன? வீட்டுத் தோட்டத்தில் அமைக்க விரும்புவோருக்கு ஓர் அறிமுகம்

தோட்டத்தில் சிறு குளம் ஒன்று அமைக்கலாம் என்று பேச்செடுத்தால், தேங்கிய நீரில் கொசு பெருகுமே, நீர் பச்சையாகி நாறுமே, மோட்டாரும் வடிகட்டியும் இல்லாமல் முடியுமா, எந்த மீனை விடலாம் என்று கேள்விகள் வரிசையாக எழுகின்றன. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. பலரும் பார்த்திருக்கும் தோட்டக் குளம் அலங்கார மீன்களுக்காகக் கட்டிய தொட்டிதான் என்பதால், அந்தத் தொட்டிக்குரிய சிக்கல்கள் எல்லாக் குளங்களுக்கும் உரியவை என்று எண்ணிவிடுகிறார்கள். தவளைக்கும் தட்டானுக்கும் நீர்வண்டுக்கும் இடம் தருவதற்காக வெட்டப்படும் குளம் வேறு விதமாக இயங்குகிறது. அந்த இயக்கம் புரிந்துவிட்டால், எவ்வளவு ஆழம் வெட்டுவது, எந்த நீரை நிரப்புவது, எதைச் செய்யாமல் விடுவது என்பவை பெரும்பாலும் தாமாகவே விளங்கிவிடும். ஆகவே கட்டும் முறையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இயங்கும் முறையை முதலில் விளக்குகிறேன்.

## மீன்குளமும் உயிர்க்குளமும்

அலங்கார மீன்குளத்துக்கு உணவு வெளியிலிருந்து வருகிறது. நாள்தோறும் போடும் தீனியைத் தின்னும் மீன்கள் வெளியேற்றும் கழிவில் அம்மோனியா இருக்கிறது. அது அந்த மீன்களுக்கே நஞ்சாகும். அதனால்தான் நீரைச் சுழற்ற மோட்டாரும், அம்மோனியாவைத் தீங்கு குறைந்த பொருளாக மாற்றும் பாக்டீரியா குடியிருக்க ஒரு வடிகட்டியும் தேவைப்படுகின்றன.

உயிர்க்குளம் என்று இங்கே குறிப்பிடுவது, காட்டுயிர்கள் தாமாக வந்து குடியேறி இனம் பெருக்குவதற்கு ஏற்றபடி மனிதர் அமைத்துத் தரும் ஆழம் குறைந்த நீர்நிலையை. இதற்கு யாரும் தீனி போடுவதில்லை. விழும் வெயிலில் பாசியும் செடியும் வளர்கின்றன. அவற்றைக் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் சிற்றுயிர்கள் மேய்கின்றன. அவற்றைப் பூச்சிகளும், பூச்சிகளைத் தவளைகளும் பறவைகளும் பிடித்துத் தின்கின்றன. மடிந்தவற்றை நத்தை, புழு, பாக்டீரியா ஆகியவை சிதைக்கின்றன. வடிகட்டியின் வேலை இந்தச் சங்கிலிக்குள்ளேயே நடந்துவிடுவதால் தனியாக ஒரு கருவி வேண்டியதில்லை. வைத்தால் கெடுதலும் உண்டு, ஏனெனில் மோட்டார் நீரை இழுக்கும்போது தலைப்பிரட்டைகளும் சிற்றுயிர்களும் சேர்ந்தே இழுபட்டுச் சிதைகின்றன.

இத்தனை சிறிய நீர்நிலையால் என்ன பயன் என்ற ஐயம் சிலருக்கு எழலாம். தென் இங்கிலாந்தின் வேளாண் நிலப்பகுதி ஒன்றில் ஆறு, ஓடை, வாய்க்கால், குளம் ஆகியவற்றை ஒப்பிட்டு 2004ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, அந்த வட்டாரத்தில் மிக அதிகமான நீர்வாழ் இனங்களும் அரிய இனங்களும் குளங்களில்தான் இருந்தன என்று கண்டது. ஒவ்வொரு குளமும் ஆழத்திலும் நிழலிலும் நீரின் தன்மையிலும் மற்றதிலிருந்து வேறுபடுவதால், ஒன்றில் வாழ முடியாத உயிர் அடுத்ததில் வாழ்கிறது. ஆற்றில் இவ்வாறான வேறுபாடு குறைவு, ஏனெனில் ஓடும் நீர் எல்லாவற்றையும் கலந்துவிடுகிறது.

## நீர் ஏன் பச்சையாகிறது?

குளம் பற்றிய தவறான புரிதல்களில் பெரும்பாலானவை இந்த ஒரு கேள்வியில் வந்து சேர்வதால் இங்கே சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும்.

நீரைப் பச்சையாக்குவது பாசி. வெயிலும் நீரும் இருந்தால் மட்டும் பாசி பெருகிவிடாது. அதற்கு ஊட்டச்சத்து வேண்டும். ஊட்டச்சத்து என்பது செடியும் பாசியும் உடலைக் கட்டிக்கொள்ளத் தேவையான கரைந்த தனிமங்கள். அவற்றுள் நைட்ரஜனும் பாஸ்பரஸும் முதன்மையானவை. இவை குளத்துக்குள் எப்படிச் சேர்கின்றன என்பதை அடுப்பில் வைத்த உப்புநீரைக் கொண்டு எளிதில் விளங்கிக்கொள்ளலாம். கொதிக்கக் கொதிக்க நீர் ஆவியாகிப் போகும், உப்பு பாத்திரத்திலேயே நின்றுவிடும். குறைந்த அளவுக்கு மறுபடியும் சிறிது உப்புநீரை ஊற்றி, அது சுண்டியதும் மறுபடியும் ஊற்றிக்கொண்டே இருந்தால், நீரின் மட்டம் மாறாமலே கரிப்பு மட்டும் ஏறிக்கொண்டு போகும். வெளியேறும் வழியில்லாத சிறு குளத்திலும் இதுவேதான் நடக்கிறது. நீர் வெயிலில் போய்விடுகிறது. நீரோடு வந்த பாஸ்பரஸ் தங்கிவிடுகிறது.

நைட்ரஜனுக்காவது ஒரு வழி உண்டு. அடிச்சேற்றில் உள்ள சில பாக்டீரியா அதை வாயுவாக மாற்றிக் காற்றில் விட்டுவிடும். பாஸ்பரஸுக்கு அப்படி ஒரு வாயு வடிவம் இயற்கையில் ஏறத்தாழ இல்லை என்பதால், ஒருமுறை உள்ளே வந்தால் யாராவது அள்ளி எடுக்கும் வரை அங்கேயேதான் சுற்றிக்கொண்டிருக்கும்.

பாஸ்பரஸுக்கு இவ்வளவு வல்லமை உண்டா என்பதை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு ஒன்று 1973இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் நடந்தது. நடுவில் குறுகி உடுக்கை வடிவில் இருந்த ஓர் ஏரியை (அதற்கு 226 என்று எண் மட்டுமே பெயர்) டேவிட் ஷிண்ட்லர் தலைமையிலான அறிவியலாளர்கள் குறுகலான இடத்தில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கார்பனும் நைட்ரஜனும் சேர்த்தார்கள். மறுபாதியில் அவற்றோடு பாஸ்பரஸையும் சேர்த்தார்கள். பாஸ்பரஸ் சேர்த்த பாதி பாசியால் பச்சையாகிவிட, மற்ற பாதி தெளிவாகவே இருந்தது. வானிலிருந்து எடுத்த அந்த ஏரியின் படம் நீரியல் மாணவர்களுக்கு இன்றும் காட்டப்படுகிறது. ஒரே ஏரி, ஒரே வெயில், ஒரே மழை. வேறுபாடு பாஸ்பரஸ் மட்டும்.

நீரில் ஊட்டச்சத்து அளவுக்கு மீறிச் சேர்வதை மிகையூட்டம் என்போம். மிகையூட்டம் உற்ற குளத்தில் பாசி இரண்டு விதமாகத் தலைகாட்டும். ஒன்று, மிதக்கும் ஒற்றைச் செல் பாசி. இது நீர் முழுவதையும் பச்சையாகக் கலக்கிவிடும். மற்றொன்று, பஞ்சுபோலத் திரளும் இழைப்பாசி. இரண்டுமே பகலில் ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனை வெளிவிட்டாலும், இரவில் மற்ற உயிர்களைப் போலவே ஆக்சிஜனைச் செலவிடுகின்றன. மடிந்து அழுகும்போது இன்னும் அதிகமாகச் செலவாகிறது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும் என்றால் 30 டிகிரியில் சுமார் 7.5 மில்லிகிராம்தான் தாங்கும். ஆகையால், பாசி மண்டிய குளத்தில் வெப்பம் மிகுந்த இரவின் கடைசிப் பகுதிதான் மூச்சு முட்டும் வேளை. நாற்றமும் அங்கிருந்தே தொடங்குகிறது: ஆக்சிஜன் தீர்ந்த அடிச்சேற்றில், ஆக்சிஜன் இல்லாமலே வாழும் பாக்டீரியா மேலோங்கி, அழுகிய முட்டை வாடை வீசும் வாயுவை வெளிவிடுகிறது.

இதுவரை பார்த்ததன் சாரம்: பாசி என்பது அறிகுறி; மிகையூட்டம் என்பது காரணம். பாசிக்கொல்லி மருந்தைக் கொட்டினால் பாசி மடியும், ஆனால் அதன் உடலில் இருந்த பாஸ்பரஸ் மீண்டும் நீருக்கே திரும்பி அடுத்த பாசிக்கு உணவாகும். நீர் முழுவதையும் இறைத்துவிட்டுப் புதிதாகக் குழாய்நீரை நிரப்புவதும் பல நேரங்களில் புதிய ஊட்டத்தைக் கொண்டுவந்து சேர்ப்பதாகவே முடியும், குடியிருந்த உயிர்கள் அழிவது தனி இழப்பு.

## மீன் விடாமல் இருப்பதன் காரணம்

பாசியைக் கட்டுக்குள் வைக்கும் ஓர் உயிரைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீர்த்தெள்ளு என்று அழைக்கப்படும் டாப்னியா, சில மில்லிமீட்டருக்கு மேல் வளராத ஒரு சிற்றுயிர். உருவம் தெள்ளுப்பூச்சியை ஒத்திருந்தாலும் இது இறாலுக்கும் நண்டுக்கும் உறவு. கால்களை ஓயாமல் அசைத்து நீரைத் தன்னூடே செலுத்தி, அதில் மிதக்கும் ஒற்றைச் செல் பாசியை வடித்துத் தின்பதே இதன் வாழ்க்கை. போதிய எண்ணிக்கையில் இவை இருந்தால் கலங்கிய பச்சை நீர் சில வாரங்களில் தெளிந்துவிடும்.

அந்த நீர்த்தெள்ளைத்தான் சிறு மீன்கள் முதலில் தேடிப் பிடிக்கின்றன. ஜான் புரூக்ஸ், ஸ்டான்லி டாட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965இல் வெளியிட்ட ஆய்வில், கனெக்டிகட் மாநில ஏரி ஒன்றில் நீரில் மிதந்து வாழும் சிற்றுயிர்களைத் தின்னும் மீன் குடியேறுவதற்கு முன்பும் பின்பும் எடுத்த மாதிரிகளை ஒப்பிட்டார்கள். மீன் வந்தபின் உருவில் பெரிய சிற்றுயிர்கள் மறைந்து, சிறியவை மட்டுமே மிஞ்சியிருந்தன. பாசியை விரைந்து மேயக்கூடியவை அந்தப் பெரியவைதாம். தோட்டக் குளத்தில் மீனை விடும்போது இதே தொடர்விளைவு சிறிய இடத்தில் விரைவாக நடக்கிறது: மேயும் உயிர் குறைகிறது, பாசி கூடுகிறது, போதாக்குறைக்கு மீனின் தீனியும் கழிவும் ஊட்டத்தைக் கூட்டுகின்றன. தவளை முட்டை, தலைப்பிரட்டை, தட்டானின் இளம்பருவம் எல்லாமே மீனுக்கு இரையாகும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே குளத்தை மீனுக்கும் காட்டுயிருக்கும் பங்கிடலாம் என்ற நம்பிக்கை சிறு அளவில் பலிக்காது என்றே நான் கருதுகிறேன். மீன் வளர்ப்பது நல்ல பொழுதுபோக்குதான். அதற்கு வேறு தொட்டி வைத்துக்கொள்வது மேல்.

கொசுவை ஒழிப்பதற்காகவென்று பல நாடுகளில் விடப்பட்ட கம்பூசியா மீனைக் குறிப்பாகத் தவிர்க்க வேண்டும். வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மீன், உலகின் மிக மோசமான 100 அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளது. கொசுப்புழுவோடு நிற்காமல் மற்ற உயிர்களின் முட்டை, குஞ்சு, தலைப்பிரட்டை என எதையும் விட்டுவைப்பதில்லை. பெருவெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டால் அருகிலுள்ள ஓடையிலும் பரவிவிடும்.

## கொசு பற்றிய நியாயமான அச்சம்

கொசு முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகி, பறக்கும் கொசுவாக வெளிவர வெப்பமான காலத்தில் ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை போதும். அந்த நாட்கள் முழுவதும் புழு நீரின் மேற்பரப்புக்கு வந்து மூச்சுவிட்டாக வேண்டும். ஆகவே கொசுவுக்கு வேண்டியது, சலனமற்ற நீரும், தன்னைத் தின்ன யாரும் இல்லாத பத்து நாளும். வாளி, நீர் தேங்கிய டயர், பூந்தொட்டியின் அடித்தட்டு ஆகியவற்றில் இரண்டும் கிடைக்கின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்டி கொசு இத்தகைய சிறு கலங்களையே விரும்பி, நீர்மட்டத்துக்குச் சற்று மேலுள்ள ஈரச் சுவரில் முட்டையிடுகிறது. அந்த முட்டைகள் காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடியவை.

நிலைபெற்ற உயிர்க்குளத்தில் நிலைமை வேறு. தட்டானும் ஊசித்தட்டானும் நீருக்குள் கழிக்கும் இளம்பருவத்தை இளம்பூச்சி என்று குறிப்போம். இளம்பூச்சியின் கீழுதடு மடிந்து நீளும் கொக்கி போன்ற உறுப்பு. இரை அருகில் வந்தவுடன் கண்ணிமைக்கும் நேரத்தில் நீண்டு கவ்விக்கொள்ளும். மல்லாந்து நீந்தும் நீர்ப்பூச்சிகள் மேற்பரப்பில் தொங்கும் புழுக்களைக் கீழிருந்தே தாக்கும். நீர்வண்டும் அதன் புழுவும் இவற்றோடு சேர்ந்துகொள்கின்றன. கொசு அங்கேயும் முட்டையிடலாம். முழுதாக வளர்ந்து வெளியேறுபவை குறைவு.

இதில் மறைக்கக் கூடாத ஓர் உண்மை இருக்கிறது. புதிய குளத்தில் முதல் சில வாரங்களுக்கு இந்த வேட்டையுயிர்கள் இருக்காது, கொசுவோ எல்லாருக்கும் முன்னால் வந்துவிடும். எனவே தொடக்கத்தில் வாரம் ஓரிரு முறை வெள்ளைக் கிண்ணத்தால் நீரை மொண்டு பார்க்க வேண்டும். நெளியும் புழுக்கள் தென்பட்டால் வலையால் அள்ளலாம். மிகுதியாக இருந்தால் பிடிஐ என்ற பாக்டீரியாப் பொருளைச் சிட்டையில் உள்ள அளவில் போடலாம். 1976இல் இஸ்ரேலின் நெகேவ் பாலைவனத்தில் கண்டறியப்பட்ட பாக்டீரியா வகை இது. இதன் புரதப் படிகத்தைக் கொசுப்புழு விழுங்கும்போது, காரத்தன்மையுள்ள அதன் குடலில் படிகம் கரைந்து நஞ்சாகிறது. தவளைக்கும் தட்டானுக்கும் நேரடித் தீங்கு இல்லை. ஆனால் கொசுவை ஒத்த, கடிக்காத சிறு ஈக்களின் புழுக்களையும் இது ஓரளவு பாதிப்பதால் தேவையின்றிப் போட வேண்டாம். தேங்கிய நீர் தொடர்பாக உள்ளாட்சி விதி இருக்கும் இடங்களில் அதைத் தெரிந்துகொண்டு அதன்படி நடப்பது கட்டாயம்.

சுருக்கமாக, கொசுவைத் தடுப்பது நீர் இல்லாமை அல்ல, அந்த நீரில் வேட்டையுயிர்கள் இருப்பது. அவை வந்து சேரும் வரையிலான இடைவெளியை நாம்தான் கவனித்துக்கொள்ள வேண்டும்.

## உயிர்கள் எங்கிருந்து வருகின்றன?

எதையும் வாங்கி விடாமல் குளத்தில் உயிர் வருமா என்ற ஐயத்துக்கு இரண்டு விடைகள் உண்டு.

முதலாவது, பறந்து வருபவை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வு பெரும்பாலும் கிடைமட்டமாக அமைந்துவிடுகிறது. நம் கண்ணுக்குத் தெரியாத இந்த மாற்றத்தைத் தட்டான், நீர்வண்டு, நீர்ப்பூச்சி ஆகியவற்றின் கண்கள் உணர்கின்றன. உயரத்தில் பறக்கும்போதே கீழே நீர் இருக்கிறது என்பதை அவை அறிவது இதனால்தான். பளபளக்கும் கார்களின் மேற்கூரையில் தட்டான் முட்டையிட முயல்வதும் இதே ஏமாற்றத்தால் நேர்வது. ஆகவே திறந்த வானத்தைப் பார்த்தபடி இருக்கும் குளத்துக்கு முதல் விருந்தினர் சில நாட்களிலேயே வந்துவிடக்கூடும்.

இரண்டாவது, ஒட்டிக்கொண்டு வருபவை. பறவைகளின் கால் சேற்றிலும் இறகிலும் விதைகளும், நீர்த்தெள்ளின் தடித்த ஓடுள்ள முட்டைகளும் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்கின்றன. ஒரு குளக்கரையிலிருந்து மூன்று மேசைக்கரண்டி சேறு எடுத்து ஆறு மாதம் மூடிவைத்துப் பார்த்த சார்லஸ் டார்வின், அதிலிருந்து 537 செடிகள் முளைத்ததாக 1859இல் எழுதினார். கொக்கின் காலில் ஒட்டும் சேற்றில் என்னவெல்லாம் இருக்கக்கூடும் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம்.

இவை வரும் வரை பொறுக்க முடியாமல் வேறு குளத்திலிருந்து நீரையோ சேற்றையோ தவளை முட்டையையோ கொண்டுவந்து விடுவது பலர் சொல்லும் யோசனை. தயவுசெய்து அதைச் செய்ய வேண்டாம். தவளைகளின் தோலைத் தாக்கும் கைட்ரிட் என்ற பூஞ்சை அந்த நீரோடு பரவும். 2019இல் வெளியான உலகளாவிய மதிப்பீட்டின்படி, கைட்ரிட் நோயால் குறைந்தது 501 நீர்நில வாழ்வன இனங்கள் எண்ணிக்கையில் சரிந்துள்ளன. அவற்றில் 90 இனங்கள் அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. ஒரு குவளை நீர் என்று எளிதாக எண்ணிவிடக் கூடாத இடம் இது.

## ஆழத்தைவிட ஓரம் முக்கியம்

ஆழமாக வெட்டினால்தான் குளம் என்ற எண்ணம் ஆழமாகவே பதிந்திருக்கிறது. உண்மையில் குளத்து உயிர்களில் பெரும்பகுதி கணுக்கால் அளவு நீரில், அதாவது ஓரத்திலிருந்து 10 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குள்தான் வாழ்கிறது. அங்கே ஒளி அடிவரை எட்டுகிறது, நீர் விரைவில் வெதுவெதுப்பாகிறது, செடிகள் அடர்ந்து மறைவிடம் தருகின்றன. தலைப்பிரட்டைகள் மேயும் இடமும் இளம்பூச்சி தண்டைப் பற்றி ஏறித் தோலுரித்துத் தட்டானாகும் இடமும் இதுவே. சிறு குளத்தின் நடுவில் 40 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம் போதும். நீர் உறையும் குளிர்ப்பகுதிகளில் மட்டும் 60 சென்டிமீட்டருக்குக் குறையாமல் வைத்துக்கொள்வது நல்லது.

ஓரம் செங்குத்தாக இருந்தால், நீர் குடிக்க வந்து விழுந்த சிறு விலங்கும், கரையேற வேண்டிய குட்டித் தவளையும் வழவழப்பான சுவரில் ஏற முடியாமல் மூழ்கிச் சாகும். எனவே குறைந்தது ஒரு பக்கமாவது, ஒரு பங்கு ஆழத்துக்கு மூன்று பங்கு நீளம் என்ற அளவில் சரிவு இருக்க வேண்டும். இடம் இருந்தால் ஐந்து பங்கு வரை நீட்டலாம்.

மனிதக் குழந்தைக்கும் இதே கவனம் தேவை. நடக்கப் பழகும் குழந்தை சில சென்டிமீட்டர் நீரிலேயே மூச்சுத் திணறி இறக்க முடியும். சிறு குழந்தைகள் இருக்கும் அல்லது வந்துபோகும் வீட்டில், பூட்டக்கூடிய வேலியோ, நீர்ப்பரப்பை ஒட்டி எடை தாங்கும் உறுதியான கம்பி வலையோ அமைத்த பிறகே நீர் நிரப்ப வேண்டும். அது முடியாத வீடுகளில் குழந்தைகள் வளரும் வரை குளத்தைத் தள்ளிப்போடுவதுதான் சரி.

## இடம், குழி, விரிப்பு

நாளில் பாதி நேரமாவது வெயில் படும் இடம் ஏற்றது. மரத்தின் நேர்கீழே வேண்டாம். விழும் ஒவ்வோர் இலையும் பாஸ்பரஸைச் சுமந்து வருகிறது, வேரும் விரிப்பைத் துளைக்கும். உரமிட்ட பாத்தியிலிருந்தோ புல்வெளியிலிருந்தோ மழைநீர் வழிந்து வந்து சேரும் தாழ்வான மூலையும் அதே காரணத்தால் பொருந்தாது. தோண்டுவதற்கு முன் நிலத்தடியில் மின்கம்பியோ குழாயோ போகிறதா என்று உறுதி செய்துகொள்ள வேண்டும்.

கயிற்றைத் தரையில் போட்டு வடிவம் குறித்துவிட்டு, படிப்படியாகத் தோண்டலாம். இதில் மிகுதியாகத் தவறுவது மட்டம். நீர் எப்போதும் சமமாகவே நிற்கும். கரை சமமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் வழிந்தோட, எதிர்ப்பக்கம் விரிப்பு வெளியே தெரிந்து வெயிலில் கெடும். குழியின் குறுக்கே நேரான பலகையை வைத்து, அதன்மேல் மட்டப்பலகையை வைத்துப் பல திசைகளிலும் சரிபார்ப்பது சிறிது நேரமே பிடிக்கும் வேலை.

குழியில் உள்ள கூர்மையான கல்லையும் வேரையும் நீக்கிவிட்டு, 5 சென்டிமீட்டர் மணலோ கனத்த துணிவிரிப்போ பரப்பி, அதன்மேல் நீர்புகா விரிப்பைப் போட வேண்டும். இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் விரிப்பு நன்றாக வளைந்துகொடுக்கும், நெடுநாள் உழைக்கும். பிவிசி விரிப்பு ஆயுளில் அதற்கு அடுத்தபடிதான். சிமென்ட் தொட்டி கட்டினால் அதிலிருந்து சுண்ணாம்பு கசிந்து நீரைக் காரமாக்கும் என்பதால், நன்கு ஊறவைத்துப் பலமுறை நீரை மாற்றாமல் உயிர்களுக்கு ஏற்றதாகாது.

விரிப்பின் அளவைக் கணக்கிடும் முறை எளிது. நீளத்தோடு இருமடங்கு ஆழத்தையும், இரு ஓரங்களிலும் மண்ணில் புதைக்க 30 சென்டிமீட்டர் வீதமும் கூட்ட வேண்டும், அகலத்துக்கும் அப்படியே. 2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் ஆழமுள்ள குளத்துக்கு 3.4 மீட்டர் நீளமும் 2.9 மீட்டர் அகலமும் உள்ள விரிப்பு தேவை. பெட்டி வடிவமாக இருந்தால் இந்தக் குழி 1,200 லிட்டர் கொள்ளும். சரிவுகள் இருப்பதால் ஏறத்தாழ அதில் பாதி என்று கொள்ளலாம். குழியைத் தோண்டி முடித்து, அளந்து பார்த்த பிறகே விரிப்பை வாங்குவது நல்லது.

## எந்த நீர், எந்த மண், எந்தச் செடி?

மிகையூட்டம் பற்றிப் படித்தவருக்கு விடை இப்போது எளிது. மழைநீரே முதல் தேர்வு, ஏனெனில் அதில் ஊட்டம் மிகக் குறைவு. கூரையிலிருந்து பிடிப்பதானால் முதல் மழையில் வரும் தூசியையும் பறவை எச்சத்தையும் ஒதுக்கிவிட்டுப் பிடிக்க வேண்டும். குழாய்நீரைத்தான் பயன்படுத்த முடியும் என்றால், திறந்த கலத்தில் ஓரிரு நாள் வைத்திருந்தால் குளோரின் போய்விடும். ஆனால் சில இடங்களில் குளோரினுக்குப் பதிலாகச் சேர்க்கப்படும் குளோரமின் அப்படி எளிதில் போகாது; குழாய்நீரில் கரைந்திருக்கும் ஊட்டச்சத்தும் எங்கும் போகாது.

குளத்தின் அடியில் தோட்டத்து மேல்மண்ணைப் பரப்புவதுதான் தொடக்கநிலையினர் செய்யும் மிகப் பெரிய தவறு. நல்ல மண் என்று நாம் போற்றுவது ஊட்டம் நிறைந்த மண்ணை. குளத்துக்கு வேண்டியதோ அதற்கு நேர்மாறானது. கழுவிய மணலோ சிறு சரளையோ போதும். செடிகள் அதில் மெல்லத்தான் வளரும் என்பது குறை அல்ல.

செடிகளில் மூன்று வகை சேர்ந்திருப்பது நல்லது. முழுவதும் நீருக்குள் வளரும் மூழ்குசெடிகள் நீரிலிருந்தே ஊட்டத்தை உறிஞ்சிப் பாசியோடு போட்டியிடுகின்றன. அல்லியைப் போல இலையை மிதக்கவிடுபவை நிழல் தருகின்றன. நீர்ப்பரப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இவை மூடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கோரையைப் போல ஓரத்தில் வேரூன்றி மேலே நீள்பவை இளம்பூச்சிகளுக்கு ஏணியாகின்றன. எதை நட்டாலும் அந்தந்த நிலத்துக்கு இயல்பானதாக இருக்கட்டும். வெங்காயத்தாமரையின் பூ எவ்வளவு அழகாக இருந்தாலும் அதைத் தொட வேண்டாம். தென் அமெரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவி நீர்நிலைகளை மூடிய அந்தச் செடி, ஏற்ற சூழலில் ஓரிரு வாரங்களிலேயே இருமடங்காகப் பெருகக்கூடியது.

## நீர் வற்றினால், பாசி வந்தால்

வெயில் காலத்தில் குளத்தின் மட்டம் இறங்குவதைக் கண்டு உடனே குழாயைத் திறந்துவிட வேண்டியதில்லை. இயற்கையான சிறு குளங்கள் ஆண்டுதோறும் வற்றி நிரம்புபவை. அவற்றில் வாழும் உயிர்கள் பல அதற்குப் பழகியவை. இறங்கிய மட்டத்தில் தெரியும் ஈரச் சேற்றைத் தேடி வரும் பறவைகளும் பூச்சிகளும் தனி. தலைப்பிரட்டைகள் இன்னும் கால் முளைக்காத நிலையில் குளம் முற்றிலும் வற்றப்போகிறது என்றால் மட்டும், சேமித்த மழைநீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்கலாம்.

புதிய குளம் முதல் சில வாரங்களில் பச்சையாவது பெரும்பாலும் இயல்பு. நீர்த்தெள்ளும் செடிகளும் நிலைபெற்றால் தெளியும். இழைப்பாசி திரண்டால் ஒரு குச்சியால் சுற்றி வெளியே எடுக்க வேண்டும். அப்படி எடுக்கும் ஒவ்வொரு கைப்பிடியோடும் அது உறிஞ்சிவைத்த பாஸ்பரஸும் குளத்தைவிட்டு வெளியேறுகிறது என்பதால், மருந்தால் முடியாததை இந்த எளிய வேலை செய்துவிடுகிறது. எடுத்த பாசியையும் செடியையும் கரையோரத்தில் ஒருநாள் வைத்திருந்தால், சிக்கிய சிற்றுயிர்கள் ஊர்ந்து நீருக்குத் திரும்பும். அதன் பிறகு அவற்றை உரக்குழிக்குக் கொண்டுபோகலாம். அங்கேயே விட்டுவைத்தால் அழுகி, அடுத்த மழையில் ஊட்டம் முழுவதும் குளத்துக்கே வழிந்துவிடும்.

செடிகள் அளவுக்கு மீறி மண்டினால், இனப்பெருக்கக் காலம் முடிந்த பிறகு ஒருமுறைக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மிகாமல் நீக்க வேண்டும். அடிச்சேற்றையும் அப்படியே பகுதி பகுதியாகத்தான் எடுக்க வேண்டும், ஏனெனில் இளம்பூச்சிகளும் புழுக்களும் அதற்குள்தான் இருக்கின்றன. குளத்தின் அருகில் பூச்சிக்கொல்லி தெளிப்பதை அறவே நிறுத்திவிட வேண்டும். தவளை தன் தோல் வழியாகவே நீரை உறிஞ்சுவதால், நீரில் கலந்த நஞ்சு நேராக அதன் உடலுக்குள் போகும். இரண்டாம் ஆண்டிலும் நீர் பச்சையாகவே இருக்கிறது என்றால் நீரைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கரையைச் சுற்றி நடந்து பார்க்க வேண்டும்: எந்தப் பாத்தியின் உரம் வழிந்து வருகிறது, எந்தக் கிளையின் இலை விழுகிறது, யார் இரக்கப்பட்டு மீன் விட்டுப் போயிருக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து அந்த வழியை அடைத்தால், தெளிய வைக்கும் வேலையை நீர்த்தெள்ளும் செடிகளும் செய்துகொள்ளும்.